போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் பத்தி தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க

அண்ணா அக்கா எல்லாருக்கும் வணக்கம், தங்கச்சிக்கு தனியார் ஆர்ட்ஸ் காலேஜ்ல பி.காம் சீட் கிடைச்சிருக்கு, நாங்க எஸ்சி, அப்பா கொத்தனார், வருமானச் சான்றிதழ்ல 2.5 லட்சத்துக்குள்ளதான் இருக்கு, அதனால பத்தாவதுக்கு மேல படிக்க கவர்மெண்ட் தர்ற இந்த போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்புக்கு அப்ளை பண்ணலாம்.

ஆனா அந்தக் காசு அக்கவுண்ட்ல ஏறுறதுக்குள்ள காலேஜ்ல ஃபீஸ் கேக்குறாங்களே, வட்டிக்கு வாங்கிக் கட்டவா முடியும்? ஃப்ரீஷிப் கார்டு காட்டுனா முன்னாடியே கட்டாம சேரலாமாமே, யாராச்சும் அப்படி சேத்தீங்களா, அதை எங்க வாங்கணும்?

பாஸ்புக்ல ஆதார் நம்பர் இருக்கு, ஆனா சீடிங், அதாவது கவர்மெண்ட் காசு நேரா ஏற ஆதாரை அக்கவுண்ட்டோட இணைக்கிறது, இன்னும் ஆகலன்னு பேங்க்ல சொல்றாங்க, அது வேற தலைவலி. அப்புறம் அவ 6லருந்து 12 வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல்தான், புதுமைப் பெண் திட்டத்துல தர்ற மாசம் 1000 ரூபாயும் இதோட சேத்து வாங்கலாம்ல?