திருவிதாங்கூர் நாவல்: விதை முளைக்கவைப்பதும் நட ஏற்ற இடமும்

ஏலாக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் எங்கள் விளையை ஒட்டித் தாழ்வாக 12 சென்ட் கிடக்கிறது. முன்பு நெல் விளைந்த ஏலா, இப்போது தரிசு. ஒரு பக்கம் வாய்க்கால், மறு பக்கம் கமுகு. ஜூன் தொடங்கி நவம்பர் வரை கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். ஏப்ரலில் மேல்மண் வெடித்துவிடும்.

சதுப்பில் வளரும் அருகிய நாவல் இனமான சிசிஜியம் டிராவன்கோரிக்கம் மரத்தை இங்கே வளர்க்க ஆசை. மலையாளத்தில் வாதங்கொல்லி என்கிறார்கள். என் கேள்விகள்:
விதையாக வாங்குவதா, நாற்றாக வாங்குவதா? நட்டபின் தண்ணீர் நின்றால் தாங்குமா? சாதாரண நாவல் கன்றில் ஒட்டுக் கட்டினால் சீக்கிரம் வளருமா? பழம் சாப்பிடலாமா?

நாற்றங்கால்:
முதலில் பெயரில் ஏமாறாதீர்கள். மலையாளத்தில் வாதங்கொல்லி என்றால் பெரும்பாலானவர்களுக்கு நினைவுக்கு வருவது நம்மூர்க் கருநொச்சி. இடுப்புயர மூலிகைச் செடி அது. நர்சரியில் அந்தப் பெயரைச் சொன்னால் அதைத்தான் எடுத்துத் தருவார்கள், அவர்கள்மேல் தப்பில்லை. தாவரவியல் பெயரைச் சொல்லியே கேளுங்கள். 1918-இல் கேம்பிள் என்ற தாவரவியலாளர் வைத்த பெயர் அது. அழிவை நெருங்கும் உயிரினங்களுக்கான உலகச் செம்பட்டியலில் 'மிக அருகிய' என்ற நிலையில் வைத்திருக்கிறார்கள், காட்டில் அழிவதற்கு முந்தைய படி அது.

கன்றைக் கையில் வாங்கியதும் இளங்கிளையை விரலிடுக்கில் உருட்டிப் பாருங்கள். இந்த இனத்தில் இளங்கிளை நான்கு மூலையாக இருக்கும், விளிம்பு விரலில் தட்டுப்படும். சாதாரண நாவலில் கிளை உருண்டை. இலை எதிரெதிராக, அகன்று, தடித்து இருக்கும், அடிப்பக்கம் காம்பை நோக்கிக் குறுகிவரும். இலையை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள், நாவல் இனங்கள் பலவும் அப்படித்தான்.

விதையா நாற்றா என்றால், முதல் முறைக்கு நாற்று. பாலோட்டில் உள்ள ஜவஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரப் பூங்காவுக்கும் பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் எழுதிக் கேளுங்கள். பாலோடு உங்களுக்குப் பக்கம்தான். கேரளத்துக் குளத்துப்புழைக் காட்டிலோ, கோயில் காடுகளான காவுகளிலோ விழுந்த பழத்தை நீங்களாகப் பொறுக்கி வராதீர்கள். காட்டில் வனத்துறை அனுமதி வேண்டும், காவு என்றால் அதைப் பராமரிக்கும் ஊராரிடம் கேட்க வேண்டும். இருக்கும் மரமே கொஞ்சம். அடியில் விழும் பழத்தில்தான் அந்த இடத்தின் அடுத்த தலைமுறை இருக்கிறது.

முறையாக விதை கிடைத்தால் செய்ய வேண்டியது இதுதான். நெல், உளுந்து போல இதைக் காயவைத்துச் சேமிக்க முடியாது. ஈரம் குறைந்தால் உள்ளே கரு செத்துவிடும், அதன்பிறகு எத்தனை நாள் ஊறவைத்தாலும் உயிர் வராது. பழம் வந்த அன்றே ஒரு வாளித் தண்ணீரில் போட்டுச் சதையைக் கையால் பிசைந்து கழுவுங்கள். சதையோடு விட்டால் புளித்துச் சூடேறும், விதை அழுகும். கழுவியதை நிழலில் ஒரு துணியில் அரை மணி நேரம் பரப்பினால் போதும், மேல் நீர் வடிந்துவிடும். வெயில் வேண்டாம், மின்விசிறி வேண்டாம், ஃப்ரிட்ஜும் வேண்டாம், குளிரும் இதைக் கொல்லும். தூரம் கொண்டுபோக வேண்டுமானால் ஈரமான தென்னைநார்க் கழிவில் புதைத்து, துளையிட்ட பையில் வையுங்கள். நார்க் கழிவைக் கையில் பிழிந்தால் சொட்டக் கூடாது, விரல் மட்டும் நனைய வேண்டும்.

ஒரு பங்கு ஆற்று மணல், ஒரு பங்கு நார்க் கழிவு கலந்த பாத்தியில் விதையைப் படுக்கவைத்து, மேலே 1 செ.மீ. மட்டும் மூடுங்கள். ஆழம் கூடினால் முளை மேலே வருமுன் அழுகும். நிழல்வலை 70 சதவீதம். பூவாளியில் காலையில் ஒரு முறை தண்ணீர். சாதாரண நாவல் இரண்டு வாரத்தில் தலை காட்டிவிடும், இதற்கு இரண்டு மாதம்வரை பாத்தியைக் கிளறாமல் காத்திருங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரே ஒரு விதையை வெட்டிப் பாருங்கள். உறுதியாக, ஈரமாக இருந்தால் உயிர் உண்டு. பழுப்பேறிச் சுருங்கியிருந்தால் போய்விட்டது.

நாற்றழுகல்தான் பெரிய எதிரி. தண்டின் அடி நூல்போல இளைத்துச் சாய்ந்தால் அது. உடனே காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து வேரில் ஊற்றுங்கள். டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையைப் போடுகிறவர்கள் இரண்டையும் ஒரே சமயத்தில் போட வேண்டாம். தாமிரம் அந்தப் பூஞ்சையையும் கொன்றுவிடும்.

சதுப்புமண்:
நாற்றங்கால் சொன்னதோடு நிலத்தைப் பற்றிச் சேர்க்கிறேன்.

ஜாதிக்காய்ச் சதுப்பு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். குளத்துப்புழை, அஞ்சல், செந்துருணிப் பக்கம் காட்டு ஜாதிக்காய் இனங்கள் வேரை முழங்கால்போல மடித்து நீருக்கு மேலே நீட்டி நிற்கும் தாழ்ந்த காடு. இந்த நாவலுக்கும் அந்த மாதிரி ஈர இடம்தான் சொந்த இடம். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் கத்தலேகான் சதுப்பிலும் இது இருக்கிறது. கேரளத்தில் அந்தச் சதுப்பு நிலம் நெல்வயலாகிப் பிறகு கமுகும் ரப்பருமாக மாறியதுதான் இந்த மரம் இப்படிக் குறைந்துபோனதற்குப் பெரிய காரணம். ஒரு பழைய ஏலாவில் இதை நடக் கேட்டிருக்கிறீர்கள், மனதுக்கு நிறைவாக இருக்கிறது.

ஆனால் கவனியுங்கள். நீங்கள் பயப்படுவது ஜூன் தண்ணீருக்கு. நான் பயப்படுவது ஏப்ரல் வெடிப்புக்கு. சதுப்புக் காட்டில் கோடையிலும் மண் ஈரம் விடாது, மேலே மரநிழலும் உண்டு. உங்கள் இடத்தில் வெடிக்கும் களிமண் இளவேரை இழுத்து அறுத்துவிடும்.

நடுமுன் ஒரு சோதனை. 45 செ.மீ. ஆழக் குழி எடுத்து, ஒரு நாள் விட்டு, ஊறிய தண்ணீரையும் அடிமண்ணையும் பாருங்கள். தண்ணீர் தெளிவாக, மண் பழுப்பாக இருந்தால் நல்லது. மண் நீலச் சாம்பலாக, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அங்கே காற்று போகவில்லை என்று பொருள். சதுப்பு மரம் கேட்பது மெல்ல ஓடும் நீரை. தேங்கி நாறும் நீரில் அதன் கன்றும் சாகும்.

ஏலாக்கரை:
நன்றி. இரண்டு இடத்தில் தோண்டினேன். வாய்க்கால் ஓரம் பழுப்பு மணல் கலந்த மண், நாற்றம் இல்லை. நடுவில் தோண்டியது நீலச் சாம்பல், நாற்றமும் உண்டு. அப்படியானால் நடுவில் நடவே கூடாதா?

சதுப்புமண்:
இந்த ஆண்டு வேண்டாம். வாய்க்கால் ஓரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவிலிருந்து வாய்க்காலுக்கு ஒரு அடி அகலத்தில் சாய்வாக ஒரு வடிகால் வெட்டிவிட்டால், ஒன்றிரண்டு மழைக்காலத்தில் அந்த மண்ணும் தேறும்.

ஓரத்தில் 1 மீட்டர் அகலம், 30 செ.மீ. உயரத்தில் மேடு கூட்டி அதன் மேல் நடுங்கள். வேர் கீழே இறங்கித் தானாக ஈரத்தைத் தேடிக்கொள்ளும், தண்டின் கழுத்து மட்டும் தண்ணீருக்குள் போகக் கூடாது. வெள்ளம் வந்து இலை மூழ்கினால் வடிந்ததும் இலையில் படிந்த சேற்றைக் கழுவிவிடுங்கள். இடைவெளி 7 மீட்டர். 25 மீட்டர்வரை உயரும் மரம், நெருக்கி நட்டால் ஒன்றையொன்று அமுக்கும். குமரியில் இரண்டு மழையும் உண்டு என்பதால் ஜூன் முதல் மழை நின்று வெயில் அடிக்கும் இடைவெளியில் நட்டால் வேர் பிடிக்க நேரம் கிடைக்கும்.

நடும்போது பையைக் கிழித்து வேரைப் பாருங்கள். பையின் அடியில் ஆணிவேர் வட்டமாகச் சுற்றியிருந்தால் அந்தச் சுற்றை மட்டும் கூர்மையான கத்தியால் வெட்டுங்கள். விட்டால் பத்து வருடம் கழித்துக் காற்றில் சாயும்.

மேற்குப் பக்கம் வாழை வையுங்கள், முதல் மூன்று கோடைக்கு நிழல் அதுதான். ஜனவரியிலேயே 10 செ.மீ. கனத்துக்குச் சருகு மூடாக்கு, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. கோடையில் ஒன்றுவிட்டு ஒரு நாள் கன்றுக்கு 15 லிட்டர். இன்னொன்று, கமுகில் களைக்கொல்லி அடிக்கும் ஆளிடமும் புல்வெட்டும் மிஷின்காரரிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள். தண்டைச் சுற்றிப் பிளவுபட்ட பிவிசி குழாய் ஒன்றை நிறுத்திவிட்டால் இன்னும் நல்லது. நோயில் மட்டுமல்ல, மிஷின் கம்பி பட்டும் கன்றுகள் சாகும்.

மரப்பதிவு:
ஒட்டுக் கட்டுவது பற்றி யாரும் பதில் சொல்லவில்லை. என் கருத்து: வேண்டாம். நாவல் வேர் தண்ணீரைத் தாங்கும், அதனால் அறிவுக்குச் சரியாகத்தான் படும். சிக்கல் வேறு இடத்தில். ஒட்டுக்குக் கீழே நாவல் துளிர் ஒன்று கிளம்பி மேலே ஓடினால், இரண்டும் ஒரே சாயல் என்பதால் கண்ணில் படாது. மூன்றாம் வருடம் அருகிய மரம் என்று நினைத்து நீங்கள் வளர்த்துக்கொண்டிருப்பது சாதாரண நாவலாக இருக்கும். அதோடு ஒட்டுக்கொம்பு வெட்ட ஒரு தாய்மரம் வேண்டும், அதற்குக் காட்டு மரத்தில் கத்தி வைக்க வேண்டும்.

திசு வளர்ப்பில் இதைப் பெருக்கிய ஆய்வு 1999-இலேயே வெளிவந்தது. எண்ணிக்கை கூட அது உதவும். ஆனால் ஒரே மரத்தின் நகல்கள் நூறு இருந்தாலும் மரபுவளத்தில் ஒரு மரம்தான். அதனால் உங்களுக்கு ஐந்து கன்று கிடைத்தால் ஐந்தும் வெவ்வேறு தாய்மரத்து விதையா என்று கேளுங்கள். ஒரே தாய் என்றால் அதையும் எழுதி வையுங்கள்.

எழுதுவது என்றால் காகிதத்தில் இல்லை. குளிர்பானக் கேனை வெட்டி, அலுமினியத் தகட்டில் ஆணியால் அழுத்தி எழுதுங்கள்: எண், எங்கிருந்து வந்தது, தாய்மரம், நட்ட தேதி. தகட்டைக் கன்றில் கட்டாதீர்கள், பட்டையை நெரிக்கும். பக்கத்தில் குச்சி நட்டு அதில் மாட்டுங்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத மரத்தின் விதையை நாளைக்கு யாரும் காட்டு மீட்புக்கு எடுக்க மாட்டார்கள்.

நீங்களாகவும் காட்டுக்குள் கொண்டுபோய் நடாதீர்கள். நாற்றுப்பை மண்ணில் வேரழுகல் கிருமி இருந்தால் அது ஓடை வழியே கீழே எல்லா மரத்துக்கும் போகும்.

நாற்றங்கால்:
மரப்பதிவு சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், ஒன்றைத் தவிர. ஐந்தும் வெவ்வேறு தாயாகக் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். கிடைத்த இரண்டை இந்த ஜூனில் நட்டுவிட்டு மீதி இடத்தை மேடு கூட்டித் தயாராக வையுங்கள்.

பழம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஊதா நிறத்தில் சிறிதாக இருக்கும், ஒற்றை விதை, அதைச் சுற்றிக் கொஞ்சம் சதை. சந்தைக்குக் கூடை நிறையப் பழம் வேண்டுமென்றால் சாதாரண நாவலை மேட்டு விளையில் வையுங்கள். இந்த மரம் காய்த்தால் முதல் வேலை, மரத்தடியில் வலை கட்டி, பறவையும் அணிலும் தின்றது போக விழுந்ததை அன்றன்றைக்கே கழுவிப் பாத்தியில் போடுவது. அந்த நாற்று அடுத்த ஏலாக்காரருக்குப் போகட்டும்.