ரேம் கூட்டிய பின்னும் பழைய கணினி வேகம் பெறவில்லை: உதவி தேவை

பழையபெட்டி:
வணக்கம். எங்கள் வீட்டுக் கணினியில் 2 ஜிபி ரேம் மட்டுமே இருந்ததால், புதிதாக ஒரு 4 ஜிபி ரேம் வாங்கிக் காலியாக இருந்த ஸ்லாட்டில் நானே பொருத்தினேன். கணினி தடையின்றித் தொடங்குகிறது, ஆனால் முன்பிருந்த மந்தம் அப்படியே இருக்கிறது. மொத்தம் 6 ஜிபி என்று காட்டிவிட்டு, பக்கத்திலேயே பயன்படுத்தக்கூடியது 3.24 ஜிபி என்றும் காட்டுகிறது. மகளுக்கு நாளை காலை இணையவழித் தேர்வு இருப்பதால், ரேமைத் திருப்பிக் கொடுப்பதா, வேறு வழி உண்டா என்று விரைந்து சொல்லுங்கள்.

மின்சுற்று:
மதர்போர்டு எது, செயலி எது, விண்டோஸ் எந்தப் பதிப்பு, அது 32 பிட்டா 64 பிட்டா என்பவற்றைத் தெரிவித்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். மந்தம் என்று நீங்கள் குறிப்பிடுவது கணினி தொடங்கும்போது நேர்வதா, பிரௌசரில் பல பக்கங்களைத் திறந்தபின் நேர்வதா என்பதையும் எழுதுங்கள், ஏனெனில் இரண்டுக்கும் காரணம் வேறு.

செப்புத்தடம்:
ரேம் ஸ்லாட்டில் முழுமையாக அமரவில்லை என்றே நினைக்கிறேன். மொத்த அளவு சரியாகத் தெரிந்தாலும், தொடுமுனை சரிவரப் பொருந்தாதபோது ஒரு பகுதி பயன்பாட்டுக்கு வராமல் போவதைப் பார்த்திருக்கிறேன். மின்னிணைப்பை முற்றிலும் துண்டித்துவிட்டு, ரேமைக் கழற்றி, பொன்னிற முனைகளை மென்மையான ரப்பரால் துடைத்து, கொக்கிகள் தாமாகப் பூட்டிக்கொள்ளும் வரை அழுத்திப் பொருத்துங்கள்.

தட்டுவாதி:
ஹார்ட் டிஸ்க்கை மாற்றாமல் ரேமை எவ்வளவு கூட்டினாலும் பழைய கணினி வேகம் பெறாது. சுழலும் தட்டில் ஒரு கோப்பின் துண்டைத் தேடி எடுக்கவே ஏறத்தாழ 10 மில்லி நொடி ஆகிறது, சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க்கில் அது 0.1 மில்லி நொடி அளவுதான். ரேமைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எஸ்எஸ்டி வாங்குங்கள்.

மூத்தஉறுப்பினர்:
3.24 என்ற எண்ணைக் கண்டவுடனே விடை தெரிந்திருக்க வேண்டும். இதற்கு இங்கே பலமுறை விளக்கம் எழுதியிருக்கிறேன், தேடிப் படிக்கும் பொறுமைதான் புதியவர்களிடம் இல்லை. உங்களுடையது 32 பிட் விண்டோஸாகத்தான் இருக்கும். ரேமின் இடங்களைக் குறிக்க அது பயன்படுத்தும் 32 பிட் முகவரியால் சுட்டக்கூடிய இடம் மொத்தமே 4 ஜிபி. அதன் மேற்பகுதியைக் கிராபிக்ஸ் முதலிய வன்பொருள்கள் தமக்கென எடுத்துக்கொள்வதால், ரேமுக்கு எஞ்சுவது மூன்றேகால் ஜிபி அளவுதான். ரப்பரால் துடைத்து இதைச் சரிசெய்ய முடியாது.

பெங்குவின்நேயன்:
முகவரி அளவை மட்டும் காரணமாகச் சொல்வது முழு உண்மையன்று. 4 ஜிபிக்கு மேலும் ரேமைச் சுட்ட உதவும் பிஏஇ என்ற செயலி வசதியைப் பயன்படுத்தும் 32 பிட் லினக்ஸ் இயங்குதளம் 64 ஜிபி வரை ரேமைக் கையாளும். வீட்டுப் பயன்பாட்டுக்கான 32 பிட் விண்டோஸில் 4 ஜிபிக்கு மேல் கூடாது என்பது மைக்ரோசாஃப்ட் நிறுவனமே வைத்த வரம்பு. மேலும் விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், இத்தகைய கணினிக்கு இலகுவான லினக்ஸே நல்லது.

மூத்தஉறுப்பினர்:
நாளைக் காலைத் தேர்வு எழுத வேண்டியவரிடம் லினக்ஸைப் பற்றிப் பேசிப் பயனில்லை. பயனருக்குக் கிடைப்பது 3.24 என்பதில் மாற்றமில்லை.

தட்டுவாதி:
ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். 2 ஜிபியும் 4 ஜிபியும் கலந்து போடுவது தவறு. பழைய 2 ஜிபியைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் இரண்டு ரேம்களையும் ஒரே நேரத்தில் அணுகும் இரட்டைச் சேனல் பயன் கிடைக்காது.

மின்சுற்று:
அப்படிச் சொல்ல முடியாது. இன்டெல் போர்டுகள் பலவற்றில், அளவு வேறுபட்ட இரண்டு ரேம்களில் 2 ஜிபிக்கு 2 ஜிபி ஈடாகும் பகுதி இரட்டைச் சேனலிலும், எஞ்சிய 2 ஜிபி ஒற்றைச் சேனலிலும் இயங்கும். வேகம் வேறுபட்டால் இரண்டும் குறைந்த வேகத்துக்கு இறங்கி வரும், அவ்வளவே. பழையதைக் கழற்றினால் இருக்கும் இரட்டைச் சேனலும் போய்விடும். டிடிஆர்2, டிடிஆர்3 என்ற ரேம் வகைகள் இரண்டுக்கும் 240 முனைகள் இருந்தாலும் வெட்டு வேறிடத்தில் இருப்பதால் ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது பொருந்தாது. இவர் கணினி தொடங்குகிறது என்பதால் வகைப் பிழை இல்லை.

பழையபெட்டி:
செயலி பென்டியம் ஜி620, மதர்போர்டு எச்61, விண்டோஸ் 10, 32 பிட். பழைய ரேமின் வேகம் 1333, புதியதன் வேகம் 1600. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 விழுக்காட்டிலேயே நிற்கிறது.

மின்சுற்று:
இப்போது தெளிவாகிவிட்டது. ஜி620 செயலி 1066 வேகம் வரையே ரேமை இயக்கும், ஆகவே 1333, 1600 என்ற வேறுபாடு உங்களைப் பாதிக்காது. அந்தச் செயலி 64 பிட்டை ஏற்கும், 64 பிட் விண்டோஸில் 4 ஜிபி வரம்பு இல்லை என்பதால் ரேமைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். ஆனால் 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்குப் புதுப்பித்தல் வழியாக மாற முடியாது, புதிதாக நிறுவத்தான் வேண்டும். அதற்குமுன் கோப்புகள் அனைத்தையும் வேறு டிஸ்க்கில் படியெடுக்க வேண்டும். எனவே தேர்வுக்கு முந்திய இரவில் இந்த வேலையைத் தயவுசெய்து தொடங்காதீர்கள். இன்றிரவு டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் தேவையற்ற நிரல்களை நிறுத்திவிடுங்கள். காலையில் தேர்வுக்கு நெடுநேரம் முன்பே கணினியைத் தொடங்கி, டிஸ்க் பயன்பாடு 100 விழுக்காட்டிலிருந்து இறங்கும் வரை விட்டுவிட்டு, தேர்வுப் பக்கத்தை மட்டும் திறக்கச் சொல்லுங்கள்.

செப்புத்தடம்:
டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவுசெய்யும் ஸ்மார்ட் தகவலையும் பாருங்கள். அதில் பழுதான செக்டர்கள், அதாவது தரவு பதியும் சிறு பகுதிகள், கூடிக்கொண்டே போனால் முதலில் கோப்புகளைக் காப்பாற்ற வேண்டும்.

மூத்தஉறுப்பினர்:
எச்61 போர்டில் டிஸ்க்கை இணைக்கும் சாட்டாவின் வேகம் நொடிக்கு 3 கிகாபிட்தான். அதில் எஸ்எஸ்டி போடுவது வீண்செலவு.

தட்டுவாதி:
மன்னிக்கவும், ஏற்க இயலாது. பெரிய கோப்பைப் படியெடுக்கும்போதுதான் அந்த வரம்பு குறுக்கே வரும். விண்டோஸ் தொடங்குகையில் படிக்கப்படுபவை ஆயிரக்கணக்கான சிறு துண்டுகள், அவற்றுக்கு அந்த இணைப்பு தாராளமாகப் போதும்.

பழையபெட்டி:
தேர்வு இடையூறின்றி முடிந்தது. பிறகு 64 பிட் நிறுவினேன், இப்போது ஏறத்தாழ 5.9 ஜிபி காட்டுகிறது. பல பக்கங்கள் திறந்தாலும் தடுமாறவில்லை, தொடங்குவதற்கு மட்டும் இன்னும் நேரமாகிறது. எஸ்எஸ்டி வாங்க இருக்கிறேன். அனைவருக்கும் நன்றி.

மின்சுற்று:
எஸ்எஸ்டியில் விண்டோஸை நிறுவும் முன் கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் சாட்டா முறை ஏஹெச்சிஐ (எஸ்எஸ்டிக்கு ஏற்ற முறை) என்று இருக்கிறதா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.