ஒருவர் முகம் வாடினால் ஐந்து பேர் வேலையும் படுத்துவிடுகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி: பாசிக்காரி, மண்டபம்

நாங்கள் ஐந்து பெண்கள் குழுவாகச் சேர்ந்து வடகடல் பக்கம் கடற்பாசி வளர்க்கிறோம். எங்கள் கரையில் பெப்சி பாசி என்பார்களே, அந்தக் கப்பாபைகஸ்தான். 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவையில் விதைப்பாசி கட்டி இறக்கினால் சுமார் 45 நாளில் அறுவடை.

கட்டுகிற வேலையில்தான் எல்லாம் இருக்கிறது. கொட்டகை நிழலில் உட்கார்ந்து, பாசியைக் கிள்ளி, கயிற்றுச் சுருக்கில் செருகி இழுக்க வேண்டும். தளர்ந்தால் அலை உருவிக்கொண்டு போய்விடும். அதிகம் இறுக்கினால் தண்டு நசுங்கி அழுகும். மனம் நன்றாக இருக்கும் நாளில் விரல்கள் பேச்சோடு பேச்சாகத் தாமாகவே ஓடும்.

எங்களில் மூத்த அக்கா ஒருவர், காலையில் கூடையை இறக்கும்போதே "இந்தத் தடவையும் தேறாது" என்பார். யாரையும் திட்டமாட்டார், வேலையிலும் குறை வைக்கமாட்டார். ஆனால் அந்தப் பெருமூச்சோடு பேச்சு நின்றுவிடும். சற்று நேரத்தில் ஒருத்தி தலைவலி என்பாள். இளையவள் போனை எடுத்துக்கொண்டு ஒதுங்குவாள். மதியத்துக்குள் முடிய வேண்டிய கயிறுகள் பாதியில் கிடக்க, விதைப்பாசி வெயிலில் வெளுக்கும். அக்கா பரமக்குடிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது அதே கைகள்தான், அதே வெயில்தான். வேலை வெகு சீக்கிரம் முடிந்தது.

அவரை விலக்கிவிடலாம் என்று இருவர் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் பிரசவத்துக்குப் போயிருந்தபோது என் பங்கு வேலையையும் சேர்த்துப் பார்த்தவர் அவர்.

பதில்: ஓய்வு பெற்ற ஆசிரியர், தங்கச்சிமடம்

சகோதரி, நீங்கள் கண்டதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். சீகல் பார்சேட் என்ற அமெரிக்கப் பேராசிரியரின் ஆய்வு 2002இல் வெளிவந்தது. மாணவர்களைச் சிறு குழுக்களாக உட்காரவைத்து, ஊழியர்களுக்குப் போனஸ் பிரிப்பது பற்றிப் பேசச் சொன்னார். ஒவ்வொரு குழுவிலும் நடிக்கப் பழகிய ஒருவரைக் கலந்துவிட்டார். அவருடைய மனநிலை மற்றவர்களுக்கும் தொற்றியது. மலர்ச்சி பரவிய குழுக்களில் ஒத்துழைப்பு கூடியது, பூசல் குறைந்தது.

சோர்வு மட்டுமல்ல, மலர்ச்சியும் தொற்றும் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. காலையில் முதல் பேச்சு அக்காவுடையதாக ஏன் இருக்க வேண்டும்? நன்றாகக் கதை சொல்லும் ஒருத்தி உங்களில் இருப்பாளே, அவள் முந்திக்கொள்ளட்டும்.

பதில்: வள்ளக்காரன், மூக்கையூர்

கதை சொல்லி மூடினால் அடங்குகிற விஷயமா இது? "தேறாது" என்று எதைப் பார்த்துச் சொல்கிறார் என அந்த அக்காவிடம் கேட்டீர்களா, தங்கச்சி?

எங்கள் வள்ளத்தில் ஒருவர் வலை இறக்கும்போதெல்லாம் முனகுவார். எல்லோருக்கும் எரிச்சல். உட்கார்த்திக் கேட்டபோது, நங்கூரக் கயிறு நைந்துவிட்டது என்பதுதான் அவர் கவலை. எடுத்துப் பார்த்தோம், நைந்துதான் இருந்தது. அன்றிலிருந்து கயிறு பார்ப்பது அவர் பொறுப்பு. முனகல் முழுதாக நிற்கவில்லை, ஆனால் எதைப் பற்றி என்று எங்களுக்குத் தெரியும். அதனால் மனதைக் கெடுப்பதில்லை. காரணம் தெரியாத முகவாட்டம்தான் கூட இருப்பவர்களைப் படுத்துகிறது.

பதில்: பாசிக்காரி, மண்டபம்

சார், அண்ணன், இருவருக்கும் நன்றி. நேற்று மாலை அக்கா வீட்டுக்குப் போய்க் கேட்டேன். போன வாடையில் மிதவைகள் உடைந்தபோது, குழுவுக்காக அவர் பெயரில் வாங்கிய கடன் இன்னும் நிற்கிறது. தவணைக்காரர் அவர் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கிறார். எங்கள் நால்வர் வீட்டுக்கும் வருவதில்லை. கடலைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஆள்தான் நினைவுக்கு வருகிறாராம்.

ஞாயிற்றுக்கிழமை ஐவரும் உட்கார்ந்து கடனை ஐந்து பங்காகப் பிரிக்கிறோம். வாடை எழும்புவதற்கு முன் எந்த மிதவையைக் கரையேற்றுவது என்பதையும் இனி அக்காதான் சொல்லப் போகிறார். விலக்கும் பேச்சை எடுத்த இருவரும் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒருத்தி மட்டும் இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறாள். அவளிடம் நாளைக்குத் தனியாகப் பேசுகிறேன்.