குவாரி: துரத்தப்படும் மானுக்குத் தமிழில் என்ன சொல்?

தக்கலையில் இருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர் வாசகசாலைப் பிள்ளைகளுக்காக ஒரு பழைய ஆங்கில வேட்டைக் கதையைத் தமிழாக்குகிறேன். மூன்று வாரமாக ஒரே சொல்லில் நிற்கிறேன்: குவாரி (quarry).

நம் மாவட்டத்தில் குவாரி என்றால் மலையை உடைத்துக் கல் எடுக்கும் இடம். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கதையில் வருவதோ, ஆட்களும் நாய்களும் துரத்தும் மான். எழுத்தும் உச்சரிப்பும் ஒன்றுதான், வேர் வேறு. கல் குவாரி, சதுரத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்வழி வந்தது. மற்றது பழைய பிரெஞ்சில் இருந்து. வேட்டை முடிந்ததும் மானின் தோலை விரித்து, அதன்மேல் நாய்களுக்குப் பங்கு வைப்பார்கள். அந்தப் பங்கின் பெயர்தான் பிறகு துரத்தப்படும் விலங்குக்கே ஆகிவிட்டது.

முதலில் 'இரை' என்று போட்டேன். ஆனால் கதையின் பிற்பாதியில் போலீஸ் தேடும் திருடனையும் இதே சொல்லால்தான் குறிக்கிறார்கள், அங்கே இரை ஒட்டவில்லை. 'வேட்டை விலங்கு' என்றால் வேட்டையாடும் புலிதான் மனதில் வருகிறது. 'இலக்கு' சரிதான், ஆனால் அதில் உயிர் இல்லை. மூச்சிரைக்க ஓடுகிற மிளா மான் அதில் தெரியவில்லை. நான் பார்த்த அகராதிகள் இரையோடு நின்றுவிடுகின்றன. கைப்பேசி மொழிபெயர்ப்பு கல் குவாரி என்றே தருகிறது. அடுத்த மாதம் வாசிப்பு.

மானுக்கும் மனிதனுக்கும் சேர்த்து, 'துரத்தப்படும் உயிர்' என்ற பொருளில், குலசேகரம், பேச்சிப்பாறை மாதிரி மலையோர ஊர்களில் உங்கள் பெரியவர்கள் சொல்லிவந்த சொல் ஏதாவது உண்டா?