புதுப்பிப்பு: சைக்கிள் கடையில் "பழகுநர்" என்று ஈபிஎஃப் கட்டாத விஷயம்

ஏப்ரலில் இங்கே கேட்டிருந்தேன். கொழும்பில் ஒரு சைக்கிள் கடையில் 14 மாதம் வேலை செய்த தம்பிக்கு, "வேலை பழகும் பையன்தானே" என்று சொல்லி ஊழியர் சேமலாப நிதி (ஈபிஎஃப்) கட்டவே இல்லை. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

முதலில் முதலாளியோடு பேசிப் பார்த்தோம், சரிவரவில்லை. நாரஹேன்பிட்ட தொழில் திணைக்களத்தில் எழுத்தில் முறையிடச் சொன்ன அண்ணாவின் யோசனைதான் பலித்தது. சம்பளச் சீட்டு எதுவும் இல்லை. கைகொடுத்தது தம்பியின் கொப்பி: எந்த நாள் எத்தனை சக்கரத்துக்கு நெளிவு எடுத்தான், கையில் எவ்வளவு வாங்கினான் என்று கிரீஸ் விரல் அடையாளத்தோடு எல்லாம் அதில் இருந்தது.

பழகுநருக்கும் சம்பளம் கொடுத்தால் முதல் நாளிலிருந்தே நிதி கட்ட வேண்டும். சம்பளத்தில் ஊழியர் பங்கு 8%, முதலாளி பங்கு 12%. ஊழியர் நம்பிக்கை நிதி (ஈடிஎஃப்) என்ற இன்னொரு நிதிக்கு 3% வேறு, அதுவும் முதலாளிதான்.

நாங்கள் எதிர்பார்க்காதது ஒன்று. அந்தந்த மாதம் பிடிக்காமல் விட்ட 8% ஐ இப்போது தம்பியின் சம்பளத்தில் கழிக்க முடியாதாம். 20% முழுவதும் முதலாளி தலையில். தம்பி சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்றுதான் இவ்வளவு நாள் பயந்து கிடந்தோம்!

நிலுவை இரண்டு தவணையாகக் கட்டியாயிற்று. தம்பி அதே கடையில்தான் இருக்கிறான். இப்போது கியர் வேலையும் சொல்லிக் கொடுக்கிறார்கள்.