இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பினேன் என்று எழுதினால் பிழையா?

கொக்குவில் பிள்ளை கேட்கிறார்:

வணக்கம். நான் தாதியப் பயிற்சியில் இரண்டாம் வருடம், யாழ்ப்பாணம். மருத்துவ வாட்டில் ஆளுக்கு ஒரு நோயாளியைத் தந்து கெயார் பிளான் (பராமரிப்புத் திட்டம்) எழுதச் சொன்னார்கள். எனக்குக் கிடைத்தவர் தீவுப் பக்கத்து அம்மம்மா ஒருவர், 74 வயது. பக்கவாதம் வந்து இடப்பக்கம் முழுக்கப் பலமில்லை. படுக்கைப் புண் அபாயத்தை அளக்கும் பிராடன் அளவில் 13 வந்தது. 18உம் அதற்குக் கீழும் அபாயம் என்று படித்ததால் "படுக்கைப் புண் வரும் அபாயம்" என்று எடுத்தேன். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்புவது, குதிக்கால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைப்பது, நனைந்தால் உடனே துடைத்து விரிப்பை மாற்றுவது என்று எழுதினேன். எழுதியதைச் செய்தும் விட்டேன். பொய்யில்லை.

கடைசிப் பகுதியான இவலுவேஷனில் நான் எழுதியது: "இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிலை மாற்றப்பட்டது. கால்களுக்கு ஆதரவு வழங்கப்பட்டது. நோயாளிக்குச் சிறந்த பராமரிப்பு அளிக்கப்பட்டது."

ரீச்சர் சிவப்புப் பேனையால் குறுக்கே கோடு போட்டு, "இதெல்லாம் நீர் செய்தது. அவவுக்கு என்ன நடந்தது?" என்று எழுதித் தந்துவிட்டார். பின்னால் எட்டுப் பேர் கொப்பியோடு நின்றதால் விளக்கம் கேட்க முடியவில்லை.

இன்னொரு குழப்பம். தாதியச் செயன்முறைக்கு ஐந்து படி. என் நோட்ஸில் அதன் முதல் படிக்கும் (அசெஸ்மென்ட்) மதிப்பீடு என்று இருக்கிறது, கடைசிப் படிக்கும் (இவலுவேஷன்) மதிப்பீடு என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றா?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் நாள் அம்மம்மாவுக்கு நாரிக்குக் கீழே எலும்பு முட்டுகிற இடத்தில் தோல் நிறம் மாறியிருந்தது. அதை எழுதினால் நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை என்று ஆகிவிடுமோ என்ற பயத்தில்தான் "சிறந்த பராமரிப்பு" என்று எழுதினேன்.

இரவு டியூட்டி:

தங்கச்சி, சத்திரசிகிச்சை வாட்டில் ஏழு வருடமாக நிற்கிறேன். எங்களுக்கு ஐந்து கட்டம் போட்ட தாளில் எழுத நேரமில்லை. ஆனால் வேலை அதே வேலைதான். ஓப்பரேஷன் முடிந்து வந்தவர் நோ எவ்வளவு என்று கேட்டால் பத்துக்கு எட்டு என்கிறார். நரம்பு வழியாக மருந்து ஏற்றுகிறோம். அரை மணித்தியாலத்துக்குள் திரும்பிப் போய்க் கேட்கிறோம், நாலு என்கிறார். குளிசை என்றால் ஒரு மணித்தியாலம் கழித்துக் கேட்போம். அந்த "நாலு"தான் இவலுவேஷன். "வலி நிவாரணி வழங்கப்பட்டது" என்பது மருந்துச் சார்ட்டில் ஏற்கெனவே இருக்கிறது, அதை இரண்டாம் தரம் எழுதிப் பயனில்லை.

மூன்றில் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள்: இலக்கு நிறைவேறியது, பாதி நிறைவேறியது, நிறைவேறவில்லை. ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் என்பதற்குக் கண்ணால் கண்டதை ஒரு வரி எழுதுங்கள். போதும்.

ஓய்வுபெற்ற சிஸ்டர்:

பிள்ளை, தம்பி சொன்னது சரி. ஆனால் "போதும்" என்றதில்தான் எனக்கு ஒரு பிணக்கு. நிறைவேறவில்லை என்று எழுதிவிட்டுக் கொப்பியை மூடினால் அரைவாசி வேலைதான் முடிந்திருக்கும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வைத்தியசாலையின் பெயர் வேண்டாம். இடுப்பெலும்பு முறிந்து, ஓப்பரேஷனுக்குக் காத்துக்கொண்டு ஒரு ஐயா கிடந்தார். வெங்காயம் நட்டுப் பிழைத்த மனிதர். சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனது. ஒரு நாளைக்கு 1500 மில்லிலீற்றராவது குடிக்க வேண்டும் என்று இலக்கு வைத்தோம். சார்ட்டில் ஒவ்வொரு நேரமும் "தண்ணீர் கொடுக்கப்பட்டது" என்று பிள்ளைகள் வடிவாக எழுதியிருந்தார்கள். கூட்டிப் பார்த்தால் 1600. நானும் கையெழுத்து வைத்தேன்.

அடுத்த நாள் காலையில் போன சிறுநீரைக் கூட்டினேன். 24 மணித்தியாலத்துக்கு 450. அவர் அறுபது கிலோ ஆள், மணிக்கு 30 மில்லியாவது போக வேண்டும், 720 வந்திருக்க வேண்டும். காய்ச்சல் இல்லை, வயிற்றோட்டம் இல்லை. 1600 உள்ளே போயிருந்தால் மிச்சம் எங்கே? லொக்கரைத் திறந்தேன். மூன்று கப், மூன்றும் நிறையத் தண்ணீர்.

கட்டிலில் இருந்து கேட்டேன். முதலில் தாகமில்லை என்றார். அப்புறம் மெல்லமாக, "பிள்ளையளிட்ட எப்பிடி அம்மா போத்தில் கேக்கிறது?" என்றார். அவருக்கு மகள் வயதுப் பிள்ளைகள் யூரினல் பிடிப்பது வெட்கம். குடித்தால் போகும், போனால் கேட்க வேண்டும், அதனால் குடியாமலே விட்டுவிட்டார். நாங்கள் கொடுத்தது உண்மை, அவர் குடிக்காததும் உண்மை.

பிறகு யூரினலைக் கை எட்டும் பக்கத்தில் மாட்டினோம், எடுப்பதற்கு ஆண் தாதியரையும் மகனையும் ஒழுங்கு செய்தோம். மகன் வீட்டிலிருந்து ஐயாவின் மூக்குப்பேணியைக் கொண்டுவந்தார். அளந்து பார்த்தால் அது கொள்வது 300. தலைமாட்டை உயர்த்தி நாளுக்கு ஐந்து பேணி. அதன்பிறகு "கொடுக்கப்பட்டது" என்ற சொல்லையே அந்தச் சார்ட்டில் எழுத விடவில்லை. "குடித்தார்" என்று எழுது, குடித்து முடியும் மட்டும் பக்கத்தில் நில் என்றேன்.

இப்ப உம்முடைய மூன்று வசனத்தையும் திரும்பப் பாரும். மாற்றப்பட்டது, வழங்கப்பட்டது, அளிக்கப்பட்டது. எல்லாம் "பட்டது". இது எங்கள் தமிழ்ப் படிப்பில் வந்த ஒரு வருத்தம், அலுவலகக் கடிதம் எழுதி எழுதிப் பழகிவிட்டோம். இவலுவேஷன் வசனத்தில் நோயாளிதான் எழுவாய். அம்மம்மா என்ன செய்தா, என்ன சொன்னா, அவவின் தோல் எப்படி இருந்தது. எழுவாய் நீர் என்றால் அது முந்திய கட்டத்துக்குப் போக வேண்டிய வசனம்.

சொல் குழப்பத்துக்கும் இதே பதில்தான். பள்ளிக்கூடத்தில் கணிப்பீடு, மதிப்பீடு என்று பிரிக்கிறார்கள் அல்லவா, அப்படிப் பிரித்துவிடும். முதலில் நோயாளி எப்படி இருக்கிறார் என்று தகவல் எடுப்பது கணிப்பீடு. கடைசியில் அதே தகவலைத் திரும்ப எடுத்து, நாம் வைத்த இலக்கோடு ஒப்பிடுவது மதிப்பீடு. இலக்கை எடுத்துவிட்டால் இரண்டுக்கும் வித்தியாசமில்லை. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் டொக்டர் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்த ஊரில் நாங்கள் இன்னும் இரண்டு படிக்கு ஒரு சொல்லை வைத்து மாணவரைக் குழப்புகிறோம். சரி, அது வேறு கதை.

இனி அந்தத் தோல். பயப்படாமல் எழுதும். புத்தகத்தில் சிவப்பு, விரலால் அழுத்தினால் வெளுக்காவிட்டால் படுக்கைப் புண்ணின் முதலாம் படி என்று இருக்கும். எங்கள் ஆட்களின் நிறத்தில் சிவப்பு சிவப்பாகத் தெரியாது. கத்தரிப்பூ நிறமாகவோ இன்னும் கறுத்தோ இருக்கும், வெளுப்பதும் பிடிபடாது. புறங்கையை வைத்துச் சூடு பாரும், விரலால் தொட்டு இறுக்கமா கொழகொழப்பா என்று பாரும், பக்கத்துத் தோலோடு ஒப்பிடும், நோகிறதா என்று கேளும். எத்தனை சென்ரிமீற்றர் என்று அளந்து எழுதும். தயவு செய்து அந்த இடத்தை எண்ணெய் போட்டுத் தேய்க்க வேண்டாம், வீட்டுக்காரர் தேய்க்க வந்தாலும் விட வேண்டாம்.

பிறகு ஏன் வந்தது என்று தேடும். நீர் நிற்காத நேரம் யார் திருப்பினார்கள்? சிற்றூழியர் திருப்பினால் அதைப் போய்ப் பார்ப்பதும் உம்முடைய பொறுப்பு. திருப்பியவர் விரிப்போடு தூக்கினாரா, இழுத்தாரா? திருப்பிய பிறகு அவ அப்படியே கிடந்தாவா?

இலக்கு நிறைவேறவில்லை என்று எழுதின பிள்ளையை நான் ஒருநாளும் ஏசினதில்லை. மறைத்தவர்களை ஏசியிருக்கிறேன்.

பட்டப்படிப்பு மூன்றாம் வருடம்:

சிஸ்டர் சொன்ன ஐயாவின் கதை 1961இல் ஐடா ஜீன் ஓர்லாண்டோ என்ற அமெரிக்கத் தாதியக் கோட்பாட்டாளர் சொன்னதேதான். நோயாளிக்கு இதுதான் தேவை என்று தாதி தானாக முடிவெடுக்கக் கூடாது, அவரிடமே கேட்டுச் சரிபார்க்க வேண்டும், செய்த பிறகும் அது உதவியதா என்று கேட்க வேண்டும் என்பார். வைவாவில் (வாய்மொழிப் பரீட்சையில்) கேட்பார்கள்.

ஓய்வுபெற்ற சிஸ்டர்:

தம்பி, நான் அவவை வாசித்ததில்லை. லொக்கரைத்தான் திறந்தேன்.

கொக்குவில் பிள்ளை:

எல்லாருக்கும் நன்றி. நேற்று டியூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் நின்று பார்த்தேன்.

நாலு மணிக்கு அம்மம்மாவை இடப்பக்கம் சரித்து, முதுகுக்குத் தலையணை அண்டைகொடுத்துவிட்டு வாசலில் நின்றேன். இருபது நிமிடம் ஆகவில்லை, சுகமான வலக்கையால் பின்னாலிருந்த தலையணையை இழுத்து எறிந்துவிட்டுக் கட்டில் கம்பியைப் பிடித்து நிமிர்ந்து படுத்துவிட்டார். இடப்பக்கம் திரும்பினால் முகம் சுவருக்கு. மகள் வந்து இருக்கிற கதிரையும் வாட்டு வாசலும் மற்றப் பக்கம். "பிள்ளை வாறது தெரியவேணுமெல்லோ" என்கிறார்.

பார்வையாளர் நேரத்தில் இன்னொன்று கண்டேன். மகள் சாப்பாடு தீத்துவதற்குத் தலைமாட்டை நன்றாக உயர்த்துகிறார். புரைக்கேறாமலிருக்க அது வேண்டும்தான். ஆனால் சாப்பிட்டு வெகுநேரமான பிறகும் இறக்குவதில்லை. அம்மம்மா கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே சறுக்கிக்கொண்டு போகிறார், சட்டை மேலே சுருண்டு நிற்கிறது. அந்த இடம்தான் உரஞ்சுகிறது. என் சார்ட்டில் இது எதுவுமே இல்லை.

வாட்டுச் சிஸ்டரிடம் கேட்டுக் கட்டிலைத் தலைமாறிப் போட்டோம், கதிரை இப்போது இடப்பக்கம். சாப்பிட்டு அரை மணித்தியாலம் கழித்துத் தலைமாட்டை 30 பாகைக்கு இறக்கும்படி மகளுக்குக் காட்டிக்கொடுத்தேன். இன்று காலை பார்த்தபோது சூடு பக்கத்துத் தோல் மாதிரித்தான் இருந்தது. இறுக்கம் இன்னும் இருக்கிறது, 3 சென்ரிமீற்றர், குறையவில்லை. தொட்டால் நோகிறது என்கிறார்.

"இலக்கு நிறைவேறவில்லை" என்று எழுதிக் காரணம் இரண்டையும் போட்டிருக்கிறேன். அடுத்துப் பார்ப்பது நாளை மாலை 5.30, மகள் வந்திருக்கும்போது.