எலி கேக்கா, எலிக்கூண்டா?

கீழ்வீடு: சிங்க் அடியில் தினமும் புழுக்கை, ஒரு செ.மீ.க்கு மேல் நீளம். வீட்டில் 2 வயதுக் குழந்தை. எதை வைப்பது?

மளிகைக்கடை: சுண்டெலிப் புழுக்கை அரிசியளவுதான் இருக்கும். இது வீட்டெலி. ப்ரோமாடியோலோன் என்ற எலி விஷம் 0.005% கலந்த கேக்கைச் சுவரோரம் வையுங்கள். தின்ற உடனே சாகாது, அதனால் மற்ற எலிகளும் சந்தேகப்படாமல் தின்னும்.

பொறிக்காரன்: சின்னக் குழந்தை உள்ள வீட்டிலா? அதுவும் தின்ற எலி சாக நாலைந்து நாள் ஆகும். ஃபால்ஸ் சீலிங்கில் போய்ச் செத்தால் நாற்றம் யார் தலையில்? கூண்டுதான் சரி.

மளிகைக்கடை: 'வெளியே தண்ணீர் தேடிப் போய்ச் சாகும்' என்பது கடைப்பேச்சு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ப்ரோமாடியோலோனுக்கு வைட்டமின் கே1 மாற்று மருந்து உண்டு. மஞ்சள் பாஸ்பரஸ் எலி பேஸ்டுக்கு அதுவும் கிடையாது, ஈரலே போய்விடும். தமிழ்நாட்டில் அதற்குத் தடை. கூண்டு வைத்தவர்கள் பாதிப் பேர் 'எலி ஏமாற்றுகிறது' என்று புலம்புகிறார்களே?

பொறிக்காரன்: வைக்கும் விதம் தப்பு. வீட்டெலி புதுச் சாமானைக் கண்டால் ஒதுங்கும். முதல் மூன்று நாலு ராத்திரி கதவைக் கம்பியால் கட்டித் திறந்தே வைத்து, உள்ளே இரை மட்டும் போடுங்கள். தின்னப் பழகியதும் கம்பியை அவிழுங்கள். தேங்காய்ச் சில்லைத் தணலில் வாட்டிக் கொக்கியில் இறுகக் குத்த வேண்டும். தளர்ந்திருந்தால் கொக்கியை அசைக்காமலே கொறித்துவிட்டுப் போய்விடும். நடு அறையில் வைக்காதீர்கள், சுவரை ஒட்டி வையுங்கள். இரண்டு மூன்று கூண்டாக வையுங்கள்.

கொத்தனார்: ரெண்டு பேரும் ஓட்டையை விட்டுவிட்டீர்களே! கட்டைவிரல் நுழையும் சந்து போதும், எலி வரும். சிங்க் பைப் சுவருக்குள் போகும் இடத்தில் காகிதத்தை உருட்டி அடையுங்கள். காலையில் தள்ளிக் கிடந்தால் அதுதான் வழி. வெறும் சிமெண்ட் பூசினால் காய்வதற்குள் பறித்துவிடும். முதலில் இரும்பு வலையைத் திணித்து மேலே பூசுங்கள். ஃபோம், துணியெல்லாம் கடித்துப் போட்டுவிடும்.

பொறிக்காரன்: ஆனால் எலி சிக்கிய பிறகு பூசுங்கள். முன்னாடியே அடைத்தால் உள்ளே மாட்டியது வயரைக் கடிக்கும்.

கொத்தனார்: அதுவரை தினம் புதிது உள்ளே வருமே? மற்றதெல்லாம் இன்றே பூசுங்கள். காகிதம் தள்ளியிருந்த ஓட்டையை மட்டும் கடைசிக்கு விடுங்கள்.

மளிகைக்கடை: வாசல் ஓரத்துப் பெருச்சாளி வளையிலாவது கேக்கை வையுங்கள். வளைக்குள் தள்ளி மண்ணால் மூடினால் குழந்தை கைக்கு எட்டாது.